தனிக்கழுந்து

இம்மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து அன்பர் தொலைபேசியில் கேட்டபோது என் கையில் உளி இருந்தது. காதிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "எதைப் பற்றி எழுதட்டும்?" என்றேன். "உங்கள் மனத்தில் இப்போது எது நிறைந்திருக்கிறதோ அதை எழுதுங்கள்" என்றார் அவர். என் மனத்தில் நிறைந்திருந்தது ஒரு நாற்காலியின் மூட்டு. சிலம்பும் மேகலையும் பற்றி எழுதவல்ல பெருமக்கள் பலர் இம்மலரில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலிக்கும் இடம் கிடைக்கும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பின் நான் மரவேலை கற்கத் தொடங்கினேன். தலைநகரில் தரைத்தள வீடு என்பதால் பின்புறம் ஒரு சிறு கொட்டகை போட்டுக்கொள்ள முடிந்தது. இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முதலில் ஒரு மணை, பிறகு ஒரு புத்தக அலமாரி, அதன் பிறகு ஒரு நாற்காலி. அலமாரி வரையில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை.

நாற்காலிதான் மரவேலையில் கடினமானது என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். மேசை அசையாமல் நிற்கும். அலமாரி சுவரில் சாய்ந்து நிற்கும். நாற்காலியில் மனிதர் உட்காருவர், எழுவர், பின்னால் சாய்வர், சிரிக்கும்போது இரண்டு கால்களில் நிறுத்தி ஆட்டுவர். அந்தப் பாரமெல்லாம் இருக்கைச் சட்டமும் பின்காலும் சேரும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது. மூன்று அங்குல உயரமுள்ள அந்த மூட்டு தாங்கினால் நாற்காலி தாங்கும். அது விட்டால் எல்லாம் விட்டது.

என் முதல் நாற்காலியில் அது விட்டது. மே மாதத்து நண்பகல். எழுபத்தொன்பது வயதான என் தாயார் அதில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டை எடுக்க வலப்புறம் சற்றே சாய்ந்தார். ஒரு சிறு ஓசைதான் கேட்டது. நாங்கள் ஓடிவருவதற்குள் அவர் தரையில் இருந்தார். கீரை அவரைச் சுற்றிச் சிதறிக் கிடந்தது. இடக்கை மணிக்கட்டு தவறான கோணத்தில் மடங்கியிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையில் தலை குனிந்திருந்த என்னைப் பார்த்து, "நாற்காலிக்கும் என்னைப் போல மூட்டு வலி வந்துட்டுதாப்பா?" என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகவே சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

விசாரிக்க வந்த உறவினரிடமும் நண்பரிடமும் நான் சொன்ன காரணம் ஒன்றே: மரம் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். ஏறத்தாழ ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் இரவு, கொட்டகையில் மூலையில் போட்டிருந்த அந்த நாற்காலியை எடுத்து விளக்கடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். மரத்தில் ஒரு விரிசலும் இல்லை. சீஷம் மரம் கல்லைப்போல் உறுதியாகவே இருந்தது. விட்டது நான் அமைத்த மூட்டு.

அந்த மூட்டைக் கடையில் டோவல் என்று விற்கும் உருண்டைக் குச்சிகளால் அமைத்திருந்தேன். சட்டத்தின் முனையில் இரண்டு துளை, காலில் இரண்டு துளை, பசை தடவிக் குச்சியைச் செருகி இறுக்கினால் முடிந்தது. துளையிடும் கருவி ஒன்று போதும். அரை நாளில் ஒரு நாற்காலி. இதன் குறை என்னவென்றால், மரம் என்பது வைக்கோல் கட்டைப் போன்றது. நீளவாக்கில் எண்ணற்ற நுண்குழல்கள் ஓடுகின்றன. அக்குழல்களின் பக்கவாட்டில் பசை நன்றாகப் பற்றும். குழல்களைக் குறுக்கே வெட்டிய முகத்திலோ, வைக்கோல் தண்ணீரை உறிஞ்சுவது போல் மரம் பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது. காலில் குறுக்கே இட்ட வட்டத் துளையின் சுவரில் பெரும்பகுதி இந்த வெட்டுமுகமே. உருண்டைக் குச்சியும் துளையும் உண்மையாகப் பற்றிக்கொள்வது இருபக்கமும் இரண்டு மெல்லிய கோடுகளில் மட்டுந்தான்.

இது போதாதென்று தில்லியின் தட்பவெப்பம் வேறு. சென்னையிலோ தஞ்சையிலோ ஆண்டு முழுவதும் காற்றில் ஓரளவு ஈரம் இருக்கும். இங்கே ஆகஸ்டில் சுவரே வியர்க்கும்; மே மாதத்தில் உதடு வெடிக்கும். மரம் இந்த மாற்றத்தை மூச்சுப்போல் வாங்கி விடுகிறது. ஈரத்தில் அகலும், வறட்சியில் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. நீளவாக்கில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. குறுக்கே மாறும், அதிலும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் மாறும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் மாறும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஆகஸ்டில் வட்டமாக இட்ட துளை மே மாதத்தில் முட்டை வடிவாகிவிடுகிறது. நான் ஆகஸ்டில் வாங்கிய மரத்தை உலர விடாமல் அப்போதே வேலை செய்திருந்தேன். கடைக்காரர் பாவம்; "இரண்டு மாதம் நிழலில் அடுக்கி வையுங்கள்" என்று அவர் சொன்னதும் அந்த இரவில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை தாயாரிடம் சென்று, "மரத்தில் குற்றமில்லையம்மா, என் வேலையில்தான்" என்றேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அதன் பிறகு அவர் கூடத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டுமே உட்கார்ந்தார். நான் செய்த மணையைக்கூடத் தொடவில்லை.

இந்நிலையில் மன்னார்குடிக்கு அருகே எங்கள் பூர்விக வீட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. தம்பி தொலைபேசியில், "வாசல் நிலையை விற்க மனம் வரவில்லை, உனக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டான். தேக்கு நிலை. பர்மாவிலிருந்து வந்த மரம் என்று தந்தையார் சொல்லுவார். அதில் மஞ்சளும் குங்குமமும் இட்டு என் தாயார் ஐம்பது ஆண்டுகள் வணங்கியிருக்கிறார். ரயில் பார்சலில் சாக்கில் சுற்றி வந்து சேர்ந்த அந்த நிலைக்கால்களைக் கொட்டகையில் கிடத்தியபோது, இதிலிருந்து அவருக்கு ஒரு நாற்காலியும் அதற்கு இணையாக மற்றொன்றும் செய்வது என்று முடிவு செய்தேன். இம்முறை ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது என்றும் முடிவு செய்தேன்.

கீர்த்தி நகரில் மரக்கடைகளும் அறைகலன் பட்டறைகளும் தெருத்தெருவாக உள்ளன என்பதைத் தில்லிவாசிகள் அறிவர். அங்கே ஒரு பட்டறையில் சஹாரன்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். மரச் செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர் அது. எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைக்கிறேன். அவரிடம் நான் முதலில் கற்றது சில சொற்களை. துளையில் செருகுவதற்காகச் சட்டத்தின் முனையை மெலித்துச் செதுக்கும் பகுதியை நம் ஆசாரிமார் கழுந்து என்பர். உஸ்தாத் அதைச் 'சூல்' என்றார். அது புகும் துளையைச் 'சால்' என்றார். எவனாவது நிலைகுலைந்து போனால், 'அவன் சூல்கள் ஆடிவிட்டன' என்று இந்தியில் சொல்லும் வழக்கு உண்டு. பேசுகிறவர் பலருக்கு அது தச்சர் சொல் என்பது தெரியாது.

அளவைக் குறிக்கும்போது அவர், "மூன்று சூத் வை" என்றார். எட்டில் ஒரு பங்கு அங்குலம் ஒரு சூத். சூத் என்றால் இழை, நூல். நம் ஊர் ஆசாரியும் அதே எட்டில் ஒரு பங்கை நூல் என்றுதானே சொல்கிறார்! இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரு மொழித் தச்சர்கள் ஒரே அளவுக்கு ஒரே பொருளைப் பெயராக வைத்திருப்பது என்னை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. மரத்தின் கோணலைத் தச்சன் பிடிக்கும் நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்று நன்னூலில் பவணந்தியார் கூறுவதை உஸ்தாதுக்கு இந்தியில் விளக்கினேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "மரத்தின் கோணல் தெரிந்துவிடும், பாபுஜீ. மற்றது தெரியாது" என்றார்.

எங்களுக்குள் வேற்றுமை வந்தது கழுந்தில்தான்.

நிலைக்கால்களின் நீண்ட நல்ல பகுதிகள் பின்கால்களுக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றில் தாழ்ப்பாள் குழி, கீல் பதித்த காடி, பழைய ஆணித் துளைகள், கரையான் தொட்ட அடிப்பகுதி ஆகியவற்றை விலக்கினால் கிடைத்த துண்டுகளில் மிக நீண்டவை பதினேழு அங்குலம். பக்கச் சட்டத்துக்குக் காலுக்கும் காலுக்கும் இடையே பதினைந்தரை அங்குலம் வேண்டும். இருபுறமும் ஒன்றேகால் அங்குலக் கழுந்தை அதே மரத்தில் செதுக்குவதானால் மொத்தம் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குலம் குறைகிறது. இருக்கையைச் சுருக்கலாம் என்றால் என் தாயார் கால் மடித்து உட்காரும் வழக்கமுடையவர். அதற்கு இடம் வேண்டும். புது மரம் வாங்கிச் சட்டம் செய்யலாம் என்றால், வாசல் நிலையில் செய்த நாற்காலி என்று சொல்வதற்கே பொருளில்லாமல் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. சட்டத்தின் முனையைச் செதுக்கிக் கழுந்தாக்காமல், காலில் இடுவது போன்ற துளையைச் சட்டத்தின் முனையிலும் இடுவது. இரண்டு துளைக்கும் பொதுவாகத் தனியே ஒரு கட்டை செய்து, பாதி இங்கும் பாதி அங்குமாகப் பசையிட்டுச் செருகுவது. இதைத் தனிக்கழுந்து என்று நானாகப் பெயரிட்டுக்கொண்டேன். சட்டத்தைப் பதினைந்தரை அங்குலமாகவே வெட்டலாம். துண்டு மரம் போதும்.

உஸ்தாத் இதைக் கேட்டதும் கையிலிருந்த பீடியை அணைத்துவிட்டார். "அது போலிச் சூல்" என்றார். சட்டத்தோடு ஒன்றாய்ப் பிறந்த கழுந்துக்கு ஓர் இடத்தில்தான் பசை வேண்டும். நீங்கள் சொல்வதற்கு இரண்டு இடத்தில் பசையை நம்ப வேண்டும். பசையை நம்பித்தானே முன்பு ஒரு முறை கெட்டீர்கள் என்பது அவர் வாதம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு உடனே விடை கூற முடியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் வியப்பூட்டும் செய்தி ஒன்று கிடைத்தது. தனிக்கழுந்து இன்றைய இயந்திரக்காரர்கள் கண்டுபிடித்த சோம்பேறி வழி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எகிப்தில் கிசாவின் பெரிய பிரமிடு அருகே 1954ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த கூஃபு மன்னனின் மரக்கலம் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பழமையானது. அதன் தேவதாருப் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டவை. பலகைக்கும் பலகைக்கும் இடையே தனிக்கழுந்துகளும் உண்டு. துருக்கியின் தென்கரையில் உளுபுருன் என்னும் முனையருகே 1982ஆம் ஆண்டு கடலடியில் கண்டறியப்பட்ட வணிகக் கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கியது. அதில் கயிறு இல்லை. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் துளையிட்டுத் தனிக்கழுந்து செருகி, அக்கழுந்து நழுவாதபடி இருபுறமும் குறுக்கே மரமுளை அடித்திருக்கிறார்கள். ரோமானியர் இம்மூட்டைக் கார்த்தேஜ் நகரத்தாரின் பெயரால் பியூனிக் மூட்டு என்று அழைத்தனர். கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் அப்பெயர் காணப்படுகிறது. நம் கடல்களில் ஓடிய பழங்கலங்களோ பெரும்பாலும் கயிற்றால் தைத்தவை. அது வேறு கதை.

இதை மறுநாள் உஸ்தாதிடம் சொன்னேன். கப்பலின் படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கப்பலில் யாரும் பின்னால் சாய்ந்து ஆட மாட்டார்கள்" என்றார். "கப்பலே ஆடுமே, உஸ்தாத்ஜீ" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆயினும் ஒப்புக்கொள்ளவில்லை. "செய்து பார்ப்போம்" என்றார்.

பட்டறையில் கிடந்த தேக்குத் துண்டுகளில் மூன்று மூட்டுகள் செய்தோம். ஒன்று உருண்டைக் குச்சி மூட்டு. அதை நான் செய்தேன். ஒன்று சட்டத்தோடு ஒன்றிய கழுந்து. அதை அவர் செய்தார். அவர் கையில் உளி செல்வதைப் பார்ப்பதே ஒரு கல்வி. கழுந்தின் கன்னங்களை ரம்பத்தால் அறுத்த பின் இரண்டு முறைதான் உளியால் சீவினார். துளைக்குள் கையால் அழுத்த, மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல் உள்ளே போயிற்று. மூன்றாவது தனிக்கழுந்து, அதை இருவரும் சேர்ந்து செய்தோம். ஒரு வாரம் காயவிட்டு, காலைப் பட்டறை மேசையில் இறுகக் கட்டி, சட்டத்தின் வெளிமுனையில் மணல் பைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம்.

குச்சி மூட்டு முதலில் கழன்றது. குச்சி உடையவில்லை, முழுசாக உருவிக்கொண்டு வந்தது. அந்தச் சிறு ஓசை எனக்குப் பழக்கமானது. நான் சற்று வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

மற்ற இரண்டும் நெடுநேரம் தாங்கின. இறுதியில் இரண்டிலும் மூட்டு விடவில்லை. காலின் மரமே துளையின் ஓரத்தில் பிளந்தது. உஸ்தாதின் கழுந்து என் தனிக்கழுந்தைவிட ஒரு பை கூடுதலாகத் தாங்கிற்று என்பதை மறைக்கமாட்டேன். அவர் அதைப் பலருக்கும் சொன்னார். ஆனால் என்னிடம் தனியாக, "இது போலி இல்லை. மற்றொரு வகை" என்றார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

தட்டையான கழுந்துக்கும் உருண்டைக் குச்சிக்கும் உள்ள வேற்றுமை எளிது. கழுந்தின் இரு கன்னங்களும் அகன்ற தட்டை முகங்கள். துளையின் இரு பக்கச் சுவர்களும் அவ்வாறே. நான்கும் நாரின் பக்கமுகங்கள். ஆகவே பசை பற்றுவதற்கு இரண்டு சதுர அங்குலத்துக்கும் மேற்பட்ட நல்ல இடம் ஒவ்வொரு கன்னத்திலும் கிடைக்கிறது. கழுந்து சட்டத்தோடு பிறந்ததா தனியே வந்ததா என்பதைப் பசை பார்ப்பதில்லை. ஆனால் தனிக்கட்டையின் நார் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதை மறக்கலாகாது. குறுக்கே ஓடினால் பிஸ்கட்டைப் போல் ஒடியும்.

நாற்காலிக்குத் தனிக்கழுந்து பொருந்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு; அதை வேலையில் இறங்கிய பின்தான் உணர்ந்தேன். நாற்காலியின் இருக்கை முன்னே அகன்றும் பின்னே குறுகியும் இருக்கும். ஆதலின் பக்கச் சட்டம் பின்காலில் நேர்கோணத்தில் சேராது. சற்றுச் சாய்ந்தே சேரும். ஒன்றிய கழுந்தானால் அச்சாய்வைக் கழுந்திலேயே செதுக்க வேண்டும். நார் குறுக்கே வெட்டுப்பட்டு வலிமை குறையும். தோள் விளிம்புகளைச் சாய்வாக அறுப்பதற்கு உஸ்தாதின் கை வேண்டும். தனிக்கழுந்தில் சட்டத்தின் முனையை மட்டும் சாய்வாக வெட்டிவிட்டு, அம்முகத்துக்கு நேர்கோணமாகத் துளையிட்டால் போதும். காலின் துளை நேராகவே இருக்கும், கழுந்தும் நேர்க்கட்டைதான். என்னைப் போன்ற பிற்காலத் தச்சனுக்கு இது பெரிய சலுகை.

இனி வேலையைச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சட்டத்தின் கனம் எட்டு நூல். கழுந்தின் கனம் அதில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. எனக்கு மூன்று நூல் உளியும் ரவுட்டர் அலகும் இருந்தமையால் மூன்று நூல் வைத்தேன். அகலம் இரண்டு அங்குலம், நீளம் இரண்டரை அங்குலம். துளைகளை ரவுட்டரால் இட்டேன். ரவுட்டர் துளையின் முனைகள் வட்டமாக இருக்கும். கழுந்தின் ஓரங்களையும் இழைப்புளியால் வட்டமாக்க வேண்டும். அது அழகுக்காக மட்டுமே. வலிமை கன்னங்களில் இருக்கிறது. ஓரங்கள் சிறிது இடைவெளி விட்டிருந்தாலும் கேடில்லை. பின்காலில் பக்கச் சட்டத்துக்கான துளையும் பின்சட்டத்துக்கான துளையும் மரத்துக்குள் ஒன்றையொன்று சந்திக்கும். அங்கே இரு கழுந்துகளின் நுனிகளையும் நாற்பத்தைந்து பாகைச் சரிவாகச் சீவி, முகத்தோடு முகம் வைத்து நிறுத்தினேன்.

பட்டறைகளில் இப்போது தனிக்கழுந்துக்கென்றே கையடக்க இயந்திரம் வந்திருக்கிறது. ஃபெஸ்டூல் என்னும் ஜெர்மானிய நிறுவனம் டொமினோ என்ற பெயரில் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதைக் கொண்டுவந்தது. அலகு சுழன்றுகொண்டே இடமும் வலமும் ஆடித் துளையை நொடியில் இட்டுவிடும். கழுந்துகளைப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கழுந்து எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில்தான் நான் தவறினேன். இறுக்கம் கூடினால் வலிமை கூடும் என்று எண்ணி, கொட்டாப்புளியால் அடித்தால்தான் இறங்கும் என்ற அளவில் ஒன்றை வைத்துவிட்டேன். துளைக்குள் பசையும் தாராளமாக விட்டிருந்தேன். அடித்தபோது பசைக்கு வெளியேற வழியில்லை. அது உள்ளே நெருக்குண்டு காலின் பக்கவாட்டைப் பிளந்தது. நெல்லிக்காயைக் கடித்தாற் போன்ற ஓசை. வாசல் நிலையின் மரம், மாற்றுக்கு மரமில்லை. உஸ்தாதிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "பசைக்கும் போக வழி வேண்டாமா, பாபுஜீ?" என்று மட்டும் கேட்டார். பிளவில் மெல்லிய பசையை ஊதிச் செலுத்தி, இறுகக் கட்டி, இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார். அந்த வடு இன்றும் இடப் பின்காலில் மயிரிழை போலத் தெரிகிறது. அதன் பிறகு கழுந்துகளின் கன்னங்களில் பசை வழிந்தோட மெல்லிய கீறல்கள் இட்டேன். கை அழுத்தத்தில் இறங்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாத அளவுக்கு இழைத்தேன்.

தேக்குக்கு மற்றொரு குணம் உண்டு. அதன் எண்ணெய்தான் அதைக் கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் காக்கிறது. அதே எண்ணெய் பசையைப் பற்றவிடாமலும் செய்கிறது. இழைத்து நாள்கணக்கில் வைத்த முகத்தில் எண்ணெய் கசிந்து படியும். ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன் முகத்தைப் புதிதாய்ச் சீவி, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்தவுடன் பசையிட வேண்டும். உஸ்தாத் இளமையில் தோலையும் எலும்பையும் காய்ச்சிய சரேஸ் பயன்படுத்தியவர். நம் ஊரில் வச்சிரம் என்போமே, அதுவே. சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். அதனால் பிற்காலத்தில் யாரேனும் பழுது பார்க்க வேண்டுமானால் மரத்தைக் கெடுக்காமல் பிரிக்கலாம். தில்லியின் ஆகஸ்டை எண்ணி நான் எப்பாக்சியைத் தேர்ந்தேன். என் பேரன் இதைப் பிரிக்க முயன்றால் என்னை வைவான்.

எல்லா இடத்துக்கும் தனிக்கழுந்தே உகந்தது என்று நான் கூறவில்லை. கதவுக்கு ஒன்றிய கழுந்தே நல்லது. மறுபுறம் வரை ஊடுருவிச் சென்று ஆப்பு அடித்த கழுந்துக்கு ஈடில்லை. இந்த வடநாட்டுக் கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். அதன் சட்டங்களின் கழுந்துகள் காலுக்குள் சும்மா நிற்கின்றன. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. கயிற்றுப் பின்னலின் இழுப்பே அவற்றை உள்நோக்கி நெருக்கி வைக்கிறது. படுப்பவன் பாரம் ஏற ஏறக் கட்டில் இறுகுகிறது. இந்த அறிவை யார் எப்போது கண்டார்களோ!

இறுதியாக உஸ்தாதின் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் பசையை நம்புவதா? பின்கால் மூட்டுகள் நான்கிலும் உளுபுருன் கப்பல்காரர் வழியைப் பின்பற்றினேன். கழுந்தின் இருபாதியிலும் குறுக்கே சிறு துளையிட்டு முளை அடித்தேன். முளைக்கு எந்த மரம் என்று உஸ்தாத் கேட்டார். எங்கள் ஊர்ப் பழங்கதவுகளில் மூங்கிலாணி அடிப்பார்கள் என்றேன். இந்த நிலையின் மூலைகளைப் பிரித்தபோதும் மூங்கிலாணிகள்தாம் வந்தன. தம்பி அவற்றையும் ஒரு உறையில் போட்டு அனுப்பியிருந்தான். அவற்றில் நல்லவற்றைப் பொறுக்கிச் சீவிப் பயன்படுத்தினோம். பசை முற்றிலும் விட்டாலும் அந்த முளை பிடிக்கும். அத்துடன் உஸ்தாதின் மறுப்பும் நின்றது.

பிப்ரவரியில் பொருத்தினேன், வெயிலில் பசை விரைந்து இறுகிவிடும் என்பதால். ஆளிவிதை எண்ணெய் மட்டும் மூன்று முறை தேய்த்தேன். முன்சட்டத்தில் பழைய தாழ்ப்பாள் குழி ஒன்று தவிர்க்க முடியாமல் வந்துவிட்டது. அதைத் தேக்குத் துண்டால் அடைத்தேன். அடைப்பு தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது தாயார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தாழ்ப்பாள் குழியை விரலால் தடவினார். எதுவும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். மே மாதம் வரட்டும் என்றார்.

மே வந்தது. ஜூனும் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் தரையில் படுத்துக்கொண்டு, மூட்டுகளின் இடைவெளியில் காகிதத் துண்டு நுழைகிறதா என்று பார்ப்பேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். நுழையவில்லை. ஜூலையில் முதல் மழை பெய்த மாலை, தொண்ணூறு கிலோ எடையுள்ள என் அண்டை வீட்டு நண்பர் வந்திருந்தார். தாயார் அவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேச வைத்தார். நண்பர் சிரிக்கும்போதெல்லாம் பின்னால் சாய்ந்தார். அவர் விடைபெற்றுப் போனதும், "அதைச் சன்னல் பக்கம் தள்ளிப் போடுப்பா, மழை தெரியற மாதிரி" என்றார். தள்ளிப் போட்டேன். முழங்காலில் கை ஊன்றி மெல்ல எழுந்து வந்து அதில் அமர்ந்து, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டார்.